தூளி ஏன் நடுவில் நிற்பதில்லை? நுண்கணிதம் இல்லாமல் தனிச்சீரிசை இயக்கம்

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இயற்பியலில் அலைவுகள் பாடம் வந்துவிட்டது, கணக்கு வகுப்பில் நுண்கணிதத்தின் முதல் படியான வகையிடல் இன்னும் தொடங்கவில்லை. நீங்கள் படித்தது வணிகவியல். ஸ்பிரிங்கில் ஆடும் பொருள் நடுவில் வரும்போது அதன் மேல் விசையே இல்லை என்று புத்தகம் சொல்கிறது, அங்கேதான் வேகம் மிக அதிகம் என்றும் சொல்கிறது. போதாததற்கு, அதிகமாக இழுத்து விட்டாலும் ஒரு அலைவுக்கு ஆகும் நேரம் மாறாது என்கிறது. "இதையெல்லாம் நுண்கணிதம் இல்லாமல் மகளுக்குப் புரியவைக்க முடியுமா, அல்லது சூத்திரத்தை மனப்பாடம் செய்வதுதான் வழியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நான் இருபத்தாறு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தவன். ஆரம்ப ஆண்டுகளில் நானும் சைன் சார்பை எழுதி, அதை இரண்டு முறை வகையிட்டு, பாடத்தை முடித்துவிடுவேன். பிள்ளைகள் தேர்வில் அதை அப்படியே எழுதினார்கள். "பாதி வழியில் வேகம் எவ்வளவு இருக்கும், ஊகித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "பாதி" என்றது. அது தவறு. எவ்வளவு தவறு என்பதைக் கீழே பார்க்கப்போகிறோம். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான், வகையிடலுக்கு முன்னால் வேறொன்றைச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குப் பட்டது. அந்த வேறொன்று ஆற்றல் கணக்கும் ஒரு வட்டமும்தான்.

வீட்டில் குழந்தைக்குக் கட்டும் ஸ்பிரிங் தூளியை எடுத்துக்கொள்வோம். மேலே விட்டத்துக் கொக்கி, அதில் ஸ்பிரிங், அதன் கீழ்முனையில் புடவை. குழந்தைக்குப் பதிலாக 5 கிலோ அரிசிப் பையை வையுங்கள். தூளி கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் நடுநிலை. அங்கே பூமி கீழே இழுக்கிறது, ஸ்பிரிங் மேலே இழுக்கிறது, இரண்டும் சரிக்குச் சரி. புத்தகம் "விசை சுழி" என்று சொல்வது இதைத்தான். விசைகள் இல்லாமல் போகவில்லை, ஒன்றை ஒன்று கழித்தபின் மிச்சம் எதுவும் இல்லை.

இப்போது பையை 1 செ.மீ. கீழே இழுங்கள். ஸ்பிரிங் கொஞ்சம் கூடுதலாக நீண்டுவிட்டதால் மேல்நோக்கி ஒரு மிச்ச விசை பிறக்கும். கணக்குக்கு வசதியாக, நம் ஸ்பிரிங்கில் அது 2 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 2 செ.மீ. இழுத்தால் 4 நியூட்டன். 10 செ.மீ. இழுத்தால் 20 நியூட்டன். மேலே தூக்கிவிட்டால் இதே கணக்கு கீழ்நோக்கி. எவ்வளவு விலகலோ அவ்வளவு விசை, எப்போதும் நடுநிலையை நோக்கியே. இப்படிப்பட்ட விசையில் ஆடுவதைத்தான் புத்தகம் தனிச்சீரிசை இயக்கம் என்கிறது. இந்த விதியை ராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டார், 1678இல் அதை அவிழ்த்துக் காட்டினார்: நீட்சி எப்படியோ விசை அப்படி. இந்த ஒரு வரி உண்மையாக இருக்கும் இடங்களில் மட்டும்தான் கீழே நான் சொல்லும் எல்லாமே உண்மை. இதை மகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

சரி, முதல் குழப்பத்துக்கு வருவோம். நடுவில் விசை இல்லையென்றால் அங்கே ஏன் நிற்கவில்லை? நீங்கள் வணிகவியல் படித்தவர் என்பதால் உங்களுக்கு ஏற்ற உதாரணமாகவே சொல்கிறேன். ஒரு வங்கிக் கணக்கில் முதல் மாதம் 20 ரூபாய் போடுகிறீர்கள், அடுத்த மாதம் 18, பிறகு 16, 14 என்று குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். போடும் தொகை குறைகிறது, இருப்பு குறைகிறதா? இல்லை, ஏறிக்கொண்டே இருக்கிறது, மெதுவாக. போடுவது சுழியாகும் மாதத்தில் இருப்பு உச்சத்தில் இருக்கும். அதற்கு அடுத்த மாதம் முதல் எடுக்கத் தொடங்கினால்தான் இருப்பு இறங்கும். விசை என்பது போடும் தொகை, வேகம் என்பது இருப்பு. கீழே 10 செ.மீ.யில் விட்ட பையை 20 நியூட்டன் மேலே தள்ளுகிறது. மேலே வர வர தள்ளுவது குறைகிறது, ஆனால் நடுநிலை வரை தள்ளுவது மேல்நோக்கித்தான். அதனால் வேகம் கூடிக்கொண்டே வருகிறது. நடுவில் தள்ளுவது நின்றுவிட்டது, சேர்ந்த வேகம் அப்படியே கையில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் விசை எதிர்த்திசைக்கு மாறி, சேர்த்ததைச் செலவழிக்கத் தொடங்குகிறது.

பல ஆண்டுகள் பார்த்ததில், பிள்ளைகளின் தடுமாற்றம் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. விசை இல்லாவிட்டால் இயக்கம் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. அது அலைவுகள் பாடத்தின் கோளாறு இல்லை, நியூட்டனின் முதல் விதி மனதில் இறங்காததன் கோளாறு. மகள் இங்கே தயங்கினால் முன்னேறாதீர்கள். இரண்டு நாள் இங்கேயே இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது ஆற்றல். 10 செ.மீ. கீழே இழுத்துப் பிடிக்க நீங்கள் செய்த வேலை எவ்வளவு? விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. ஆனால் விசை ஒரே அளவாக இல்லையே, 0இல் தொடங்கி 20 நியூட்டன் வரை ஏறுகிறது. இங்கேதான் தொகையிடல் வேண்டும் என்பார்கள். வேண்டியதில்லை. ஒரே சீராக ஏறும் ஒன்றுக்கு முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதி எடுத்தால் சராசரி துல்லியமாக வந்துவிடும். சீராகக் கூடும் வேகத்துக்கு இதே வாதத்தை 14ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நியூட்டன் பிறந்தது 1642இல். ஆக, சராசரி விசை 10 நியூட்டன், தூரம் 0.1 மீட்டர், வேலை 1 ஜூல். வரைபடத்தாளில் போட்டால் இது ஒரு முக்கோணத்தின் பரப்பு. புத்தகத்தில் நிலை ஆற்றலுக்கு முன்னால் நிற்கும் அந்த "அரை" முக்கோணத்தின் பரப்பில் வரும் அதே அரைதான்.

நிலை ஆற்றல் விலகலின் இருபடியாக ஏறுகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். விலகலைப் பாதியாக்கினால் தூரமும் பாதி, சராசரி விசையும் பாதி, வேலை கால்பங்கு. நம் தூளியில் விலகலை செ.மீ.யில் அளந்து, அதன் இருபடியை 100ஆல் வகுத்தால் நிலை ஆற்றல் ஜூலில் வந்துவிடும். நான் 2 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது இதற்காகத்தான்.

"ஸ்பிரிங்கின் ஆற்றலை மட்டும் சொல்கிறீர்களே, பை மேலே ஏறும்போது புவியீர்ப்பு நிலை ஆற்றலும் மாறுகிறதே, அது எங்கே?" என்று மகள் கேட்டால் மனம்விட்டுப் பாராட்டுங்கள். நல்ல கேள்வி. பதில்: நாம் கணக்கிட்டது மிச்ச விசைக்கான வேலை. பூமியின் இழுப்பு அதில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. நடுநிலையிலிருந்து விலகலை அளக்கும் வரை, ஸ்பிரிங்கின் ஆற்றலும் புவியீர்ப்பின் ஆற்றலும் சேர்ந்த மொத்த மாற்றம் சரியாக இந்த முக்கோணப் பரப்புதான். பூமி செய்த ஒரே காரியம், நடுநிலையைக் கீழே இறக்கி வைத்தது. ஸ்பிரிங் நீளாத பழைய நிலையிலிருந்து அளந்தால் இந்த எளிமை போய்விடும், கணக்கும் குழம்பும்.

பையை 10 செ.மீ. கீழிருந்து விட்டுவிடுவோம். கையில் 1 ஜூல். உராய்வை இப்போதைக்கு மறந்துவிட்டால், இந்த 1 ஜூல் எங்கும் போகாது, நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். நடுநிலையில் நிலை ஆற்றல் 0, இயக்க ஆற்றல் முழு 1 ஜூல். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருபடியால் பெருக்குவது, ஆகவே 5 கிலோவுக்கு 1 ஜூல் என்றால் வேகம் விநாடிக்கு 63.2 செ.மீ. இதுதான் உச்சம். பாதி வழியில், அதாவது 5 செ.மீ.யில், நிலை ஆற்றல் 0.25 ஜூல், மீதி 0.75 ஜூல் இயக்க ஆற்றல். முக்கால் பங்கு இயக்க ஆற்றல் என்றால் வேகம் உச்சத்தில் முக்கால் இல்லை, முக்காலின் வர்க்கமூலம்: 87 சதவீதம். என் மாணவர்கள் சொன்ன "பாதி" எவ்வளவு தள்ளி இருக்கிறது பாருங்கள். பை பாதி வழியைக் கடந்த பிறகும் ஏறக்குறைய முழு வேகத்தில்தான் போகிறது. கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் வேகமெல்லாம் கரைகிறது.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். 6 செ.மீ.யில் நிலை ஆற்றல் 0.36, இயக்க ஆற்றல் 0.64, வேகம் உச்சத்தில் 0.8. 8 செ.மீ.யில் நிலை ஆற்றல் 0.64, இயக்க ஆற்றல் 0.36, வேகம் உச்சத்தில் 0.6. விலகல் 6 என்றால் வேகம் 8 பங்கு, விலகல் 8 என்றால் வேகம் 6 பங்கு. உங்கள் மகளுக்கு 3, 4, 5 முக்கோணம் தெரிந்திருக்கும். 6, 8, 10 அதன் இரட்டிப்பு. இந்த எண்கள் இங்கே வந்தது தற்செயல் இல்லை. ஆற்றல் மாறாது என்ற விதி இங்கே பிதாகரஸ் தேற்றமாகவே இருக்கிறது: விலகலின் இருபடியும் வேகப்பங்கின் இருபடியும் கூட்டினால் எப்போதும் ஒரே எண். ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் மாறி மாறிக் குறுகி நீள, கர்ணம் மட்டும் 10 செ.மீ.யாகவே இருக்கிறது. இதைக் கரும்பலகையில் போடும் ஒவ்வொரு ஆண்டும் எனக்குப் புதிதாகவே மகிழ்ச்சி வரும்.

வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடையாக விலகலைக் குறியுங்கள். செங்குத்தாக வேகத்தைக் குறிக்க வேண்டும், ஆனால் அதைச் செ.மீ.க்குக் கொண்டுவர 6.32ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். உச்ச வேகம் 63.2, அது 10 செ.மீ. உயரத்தில் விழும். இந்த 6.32 எங்கிருந்து வந்தது? ஸ்பிரிங் மாறிலி, அதாவது ஒரு மீட்டர் விலகலுக்கு எத்தனை நியூட்டன் என்ற எண், இங்கே மீட்டருக்கு 200 நியூட்டன், நிறை 5 கிலோ, வகுத்தால் 40, அதன் வர்க்கமூலம் 6.32. புத்தகம் கோண அதிர்வெண் என்று சொல்வது இதைத்தான். நாம் கண்ட இடங்களையெல்லாம் புள்ளி வையுங்கள்: கிடை 0 என்றால் உயரம் 10, கிடை 6 என்றால் உயரம் 8, கிடை 8 என்றால் 6, கிடை 10 என்றால் 0. எல்லாம் 10 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்தின் மேல் உட்காரும். பை மேலும் கீழும் ஆட ஆட, தாளில் அதன் புள்ளி வட்டத்தைச் சுற்றுகிறது.

இதுவரை ஆற்றல் நமக்குச் சொன்னது எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்பதை. எந்த நேரத்தில் எந்த இடம் என்று அது நேராகச் சொல்லாது. அதைச் சொல்ல வட்டம் வேண்டும். புள்ளி வட்டத்தை எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று பார்ப்போம். வட்டத்தில் சுற்றும் எதுவும் எந்தக் கணத்திலும் ஆரத்துக்குச் செங்குத்தாகத்தான் நகரும். ஆகவே அதன் வேகத்தில் கிடைத்திசைக்கு விழும் பங்கு, உயரத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது. படம் போட்டால் இரண்டு வடிவொத்த முக்கோணங்கள் தெரியும், பத்தாம் வகுப்பு வடிவியல் போதும். கிடை 6, உயரம் 8 உள்ள புள்ளியை எடுங்கள். கிடைப்பங்கு பத்தில் எட்டு. அந்தக் கிடை நகர்வு என்பது பையின் நிஜமான வேகம்தானே? அது 8 × 6.32, அதாவது 50.6 செ.மீ. பத்தில் எட்டு பங்கு 50.6 என்றால் முழு வேகம் 63.2. இப்போது கிடை 8, உயரம் 6. கிடைப்பங்கு பத்தில் ஆறு, பையின் வேகம் 37.9, முழு வேகம் மறுபடியும் 63.2. எந்தப் புள்ளியில் செய்தாலும் அதே 63.2தான் வரும், ஏனென்றால் உயரம் இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போகிறது.

ஆக, பை வேகம் கூடியும் குறைந்தும் ஆடுகிறது, ஆனால் அதன் புள்ளி வட்டத்தில் ஒரே சீரான வேகத்தில் சுற்றுகிறது. இதற்குப் பின் அலைவு நேரம் வெறும் வகுத்தல்: வட்டத்தின் சுற்றளவு 62.8 செ.மீ., வேகம் 63.2, நேரம் 0.99 விநாடி. பொதுவாக எழுதினால், நிறையை ஸ்பிரிங் மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் பெருக்குவது. மனப்பாடம் செய்யச் சொன்ன சூத்திரம் இதுதான். வகையிடாமலே வந்துவிட்டோம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது. 20 செ.மீ. இழுத்து விட்டால் வட்டத்தின் ஆரம் இரட்டிப்பு, சுற்றளவு இரட்டிப்பு, சுற்றும் வேகமும் இரட்டிப்பு. நேரம் அதேதான். வட்டம் இல்லாமலும் சொல்லலாம்: இரண்டு மடங்கு இழுத்தால் வழியின் ஒவ்வொரு ஒத்த இடத்திலும் விசை இரண்டு மடங்கு, அதனால் ஒத்த கணங்களில் வேகமும் இரண்டு மடங்கு, போக வேண்டிய தூரமும் இரண்டு மடங்கு. ஆனால் ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 1 ஜூல் 4 ஜூலாகிவிடும். தேர்வில் பிள்ளைகள் அதிகம் தவறவிடும் இடம் இது.

நேரம் மாறாமல் இருப்பது இயற்கையின் பொது வழக்கம் என்று மகள் நினைத்துவிடக் கூடாது. கல்லை நான்கு மடங்கு உயரத்திலிருந்து போட்டால் கீழே வர இரண்டு மடங்கு நேரம் ஆகும். அங்கே விசை எங்கும் ஒரே அளவு, தூரம் கூடினால் அதற்கேற்ப விசை கூடுவதில்லை. ஸ்பிரிங்கில் விசை தூரத்தோடு சரியாக அதே விகிதத்தில் கூடுவதால்தான் இந்த ஈடுகட்டல் நடக்கிறது. சற்று வேகமாகக் கூடினாலோ மெதுவாகக் கூடினாலோ நேரம் மாறிவிடும்.

வட்டம் இன்னொன்றும் சொல்லும். நடுநிலையிலிருந்து பாதி வழி, 5 செ.மீ. போக, புள்ளி வட்டத்தில் 30 டிகிரி நகர வேண்டும், ஏனென்றால் சைன் 30 என்பது அரை. அங்கிருந்து விளிம்புக்குப் போக 60 டிகிரி. அதாவது முதல் பாதித் தூரத்துக்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு இரண்டாம் பாதிக்கு ஆகிறது. விளிம்புகளின் பக்கத்தில்தான் பை அதிக நேரம் கழிக்கிறது. ஆடும் தூளியைப் படம் பிடித்தால் பெரும்பாலும் அது ஓரத்தில் இருக்கும்போதுதான் சிக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சராசரி விசை பாதி என்றேன், அது தூரத்தின் மேல் எடுத்த சராசரி. நேரத்தின் மேல் எடுத்தால், பை பெருவிசை உள்ள விளிம்பில் அதிகம் தங்குவதால், சராசரி உச்ச விசையில் ஏறக்குறைய 64 சதவீதம் வரும். ஆற்றலுக்குத் தூரச் சராசரிதான் வேண்டும். வேகமாகப் படிக்கும் நல்ல மாணவர்களே இந்த இரண்டையும் கலந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதெல்லாம் உறுதி என்று இப்போது பிரித்துச் சொல்கிறேன். ஹூக்கின் விதி சரியாகப் பொருந்தி, உராய்வும் இல்லையென்றால், மேலே சொன்னதில் தோராயம் என்று எதுவும் இல்லை. ஆனால் ஆற்றல் கணக்கு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 10 செ.மீ.யில் பை இருக்கிறது, வேகம் 0, ஆற்றல் 1 ஜூல். அங்கேயே என்றென்றும் அசையாமல் நின்றால்கூட ஆற்றல் கணக்கு தப்பாகாது! அது நிற்காமல் திரும்பி வரும் என்று சொல்வது விசைதான்: அங்கே 20 நியூட்டன் காத்திருக்கிறது. பை ஓரிடத்தில் மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதும் ஆற்றலுக்குத் தெரியாது, வேகத்தின் இருபடியில் திசை மறைந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். அப்புறம், "அந்தக் கணத்தில் வேகம்" என்று நான் சாதாரணமாகச் சொன்னதிலும் நுண்கணிதத்தின் விதை இருக்கிறது. அதை முறையாக வரையறுக்கப் போனால் வகையிடலில்தான் போய் நிற்போம். நாம் அதை வடிவியலின் கையைப் பிடித்துக் கடந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஊசலுக்கு இதையெல்லாம் அப்படியே தூக்கிப் பொருத்தக் கூடாது. தூளியைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது ஊசல், அங்கே விசை விலகலுக்கு நேர்விகிதம் என்பது சின்ன ஆட்டத்துக்கு மட்டுமே ஏறக்குறைய உண்மை. ஊசலின் நேரம் வீச்சை, அதாவது நடுவிலிருந்து எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைப் பொறுத்ததில்லை என்று கலிலியோ 1602இல் ஒரு கடிதத்தில் எழுதினார், பெரிய வீச்சுக்கும் அது பொருந்தும் என்று கருதினார். பொருந்தாது. பக்கத்துக்கு 10 டிகிரி ஆடினால் பிழை 0.2 சதவீதம்தான், 30 டிகிரிக்கு 1.7 சதவீதம், 90 டிகிரிக்கு 18 சதவீதம். 1656இல் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்த ஹைகன்ஸ் இந்தப் பிழையோடு மல்லுக்கட்டி, ஊசல் வட்ட வில்லில் ஆடாமல் வட்டப்புள்ளியுரு என்ற வேறொரு வளைவில் ஆடினால் நேரம் துல்லியமாகச் சமமாகும் என்று கண்டார். 1673இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார், முழுக்க முழுக்க வடிவியலில். லைப்னிட்ஸின் நுண்கணிதக் கட்டுரை அச்சில் வந்தது 1684இல். நுண்கணிதம் இல்லாமல் அலைவுகளைப் புரிந்துகொள்ள முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வழி எங்கே நின்றுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். நிஜத் தூளி சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். வீச்சு பாதியாகும்போது ஆற்றல் கால்பங்காகிவிட்டது என்று ஆற்றல் கணக்கு சொல்லும். எத்தனை அலைவில் பாதியாகும் என்று சொல்ல நுண்கணிதம் வேண்டும். வெளியிலிருந்து தாளமாகத் தள்ளும்போது வீச்சு எப்படி வளர்கிறது, பெரிய வீச்சில் ஊசலின் நேரம் சரியாக எவ்வளவு, இவற்றுக்கும் அப்படியே. வகையிடல் வந்ததும் மகள் அதை ஆர்வத்தோடு கற்றுக்கொள்ளட்டும். வட்டத்தை முன்பே பார்த்த பிள்ளைக்கு, சைனை வகையிட்டால் கொசைன் வருவது ஏன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. அந்த 6, 8 முக்கோணத்திலேயே அதைப் பார்த்திருப்பாள்.

முடிந்தால் வீட்டில் ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். குழந்தை இல்லாத காலித் தூளி, அரிசிப் பை, அளவு நாடா, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரம் போதும். 5 கிலோ பையை வைத்து, தூளியின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். இன்னும் 2 கிலோ வைத்து மறுபடி அளவெடுங்கள். 10 செ.மீ. இறங்கியிருந்தால், 2 கிலோவின் எடை ஏறக்குறைய 20 நியூட்டன் என்பதால், 20 நியூட்டனுக்கு 10 செ.மீ., நம் கணக்கில் வந்த அதே ஸ்பிரிங். உங்கள் ஸ்பிரிங் இதைவிட இறுக்கமாகவோ தளர்வாகவோ இருக்கலாம், வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஸ்பிரிங்கிலிருந்து முதல் 5 கிலோவுக்கு எவ்வளவு இறங்கியது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தொட்டில் ஸ்பிரிங்குகளைச் சுருள் சுருளோடு ஒட்டும்படி இறுக்கிச் சுற்றியிருப்பார்கள், சுருள் பிரியவே கொஞ்சம் விசை வேண்டும், அதனால் அந்த முதல் அளவு ஏமாற்றும். கூடுதல் எடைக்குக் கூடுதல் நீட்சி, அதுதான் நம்பத்தக்கது.

பிறகு 2 கிலோவை எடுத்துவிட்டு, சில செ.மீ. மட்டும் இழுத்து விட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை எடுங்கள். ஒரே அலைவை அளந்தால் உங்கள் கட்டைவிரலின் தாமதமே பெரும்பிழையாகிவிடும். இழுக்கும் அளவை இரண்டு மடங்காக்கி மறுபடி 20 எண்ணுங்கள். ஆட்டத்தின் மேல்முனையிலும் ஸ்பிரிங் விறைப்பாகவே இருக்க வேண்டும், சுருள்கள் ஒன்றோடொன்று மோதினால் கணக்கு கெட்டுவிடும். கிடைக்கும் நேரம் சூத்திரத்தைவிடச் சற்றே அதிகமாக வந்தால் பயப்படாதீர்கள். ஸ்பிரிங்குக்கும் எடை உண்டு, அதுவும் கூடவே ஆடுகிறது. அதன் மேல்முனை அசையாமல் இருக்கிறது, கீழ்முனை பையோடு முழு வேகத்தில் போகிறது, நடுப்பகுதி இடைப்பட்ட வேகத்தில். அதன் இயக்க ஆற்றலைச் சேர்த்தால், ஸ்பிரிங்கைவிடச் சுமை நன்றாகக் கனமாக இருக்கும்போது, ஸ்பிரிங்கின் நிறையில் மூன்றில் ஒரு பங்கைப் பையின் நிறையோடு கூட்டியது போல ஆகிறது. புடவையின் எடையையும் பையோடு கூட்டிக்கொண்டு ஒருமுறை கணக்குப் போடச் சொல்லுங்கள்.